நாலு மொடல் கூட்ஸ் வேகன்களில் எதை வாங்கலாம்? கூட்ஸ் காட் ஒருவரின் மகன் எழுதும் விமர்சனம்

அவசரத்தில் வாசிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 16 தொன் இரும்பு நிலக்கரி வேகனை யோசிக்காமல் வாங்கலாம். 20 தொன் பிரேக் வேனை, லாம்புகளைத் தனியாக வாங்கிப் பூட்டும் பொறுமை இருந்தால் வாங்கலாம். ஏழு பலகை மர வேகன் அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க நல்லது, ஓட்டுவதற்கு அவ்வளவு சரியில்லை. மூடு வேனுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

நாலும் பிரித்தானிய கூட்ஸ் வேகன்களின் மொடல்கள். ஓஓ அளவு. நிஜத்தில் ஓர் அடி என்றால் மேசையில் 4 மில்லிமீற்றர், ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. லண்டனில் இருக்கும் மருமகன் ஒரு கடையின் பாவித்த சாமான் பகுதியில் பொறுக்கி, விடுமுறைக்கு வரும்போது கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தான். கம்பனிப் பெயர்களை நான் போடவில்லை. இந்த வேகன்களை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் செய்கின்றன. என் கையில் இருப்பவை ஏற்கெனவே யாரோ ஓட்டியவை, எந்தக் குறை கம்பனியுடையது, எந்தக் குறை பழைய சொந்தக்காரருடையது என்று பிரிக்க முடியாது. அப்படியிருக்கப் பெயர் சொல்லிக் குறை எழுதுவது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வேகனைப் பார்க்கும் கண் கொஞ்சம் வேறு. அப்பா றெயில்வேயில் கூட்ஸ் காட், அதாவது சாமான் கோச்சியின் கடைசி வேனில் போகும் பொறுப்பாளர். திருகோணமலைக்கும் கல்ஓயாச் சந்திக்கும் இடையில் அவர் பச்சைக் கொடி காட்டாத ஸ்டேசன் இல்லை. சீனக்குடா, தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய் என்று பெயர்களை இன்றைக்கும் ஒழுங்கு தவறாமல் சொல்வார். 1927இல் திறந்த பாதை அது. பிரீமா மா ஆலை 1980இல் சீனக்குடாவில் வந்த பிறகு மா மூட்டைகள் அந்தப் பாதையால் போயின. சின்ன வயதில் நான் கண்ட கோச்சிகளில் முக்கால்வாசி கூட்ஸ் கோச்சிகள்தான், அதுவும் குவாட்டர்ஸ் மதிலில் இருந்து பார்த்தவை. ஆகவே மொடல் ஒன்றைக் கையில் எடுத்தால் பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். இந்த வேகன்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டுப் படத்தை வைத்துச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். கூட்ஸில் வேலை செய்தவன் வேகனை முனையில் நின்றும் கீழே குனிந்தும் பார்த்திருப்பான். நாலில் எது தேறியது, எது தேறவில்லை என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் முடிவானது.

சரி, 16 தொன் வேகனுக்கு வருவோம்.

நிஜ வேகனின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. மர வேகன்கள் போதவில்லை, பழுதும் அதிகம். பிரித்தானியாவின் போர்க்காலப் போக்குவரத்து அமைச்சு இரும்புத் தகட்டில் வேகன் கட்டச் சொன்னது. போர் முடிந்த பிறகு அவற்றில் ஒரு பகுதி பிரெஞ்சு றெயில்வேக்குப் போய், 1950ஐ ஒட்டித் திரும்பி வந்தது. அப்புறம் பிரித்தானிய றெயில்வே அதே வகையைத் தன் நிலையான அமைப்பாக்கி, 1950களில் ஒரே வரைபடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டித் தள்ளியது. நீளம் 16 அடி 6 அங்குலம், அச்சுக்கு அச்சு 9 அடி, நாலு சக்கரம். பெரிய போகி வேகன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு சின்னத் தகரத் தொட்டிதான். ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களின் பக்கப் பாதைகள், பாரம் நிறுக்கும் தராசுகள், கப்பல் துறையில் வேகனைச் சரித்துக் கொட்டும் மேடைகள் எல்லாம் அந்த அளவுக்கே கட்டப்பட்டிருந்தன. வேகனை மட்டும் பெரிதாக்கி என்ன செய்வது?

மொடலை வேர்னியர் கலிப்பர் வைத்து அளந்தேன். உடல் நீளம் 66 மில்லிமீற்றர், அச்சுக்கு அச்சு 36. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் அச்சொட்டாகச் சரி. பக்கத்துக்கு ஒரு கீழ்நோக்கித் திறக்கும் கதவு, அதன் மேலே தனியாக ஒரு மடிப்புத் தகடு, ஒரு முனையில் முழு அகல முனைக் கதவு. கதவுப் பிணைச்சல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இரும்புத் தகட்டின் விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பு. பிளாஸ்டிக்கை இதற்கு மேல் மெல்லிதாக வார்க்க முடியாது என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் ரசித்தது வெள்ளைக் கோட்டை. வேகனின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அலங்காரத்துக்குப் போட்டதல்ல. துறைமுகத்தில் வேகனை ஒரு முனைக்குச் சரித்துக் கரியைக் கப்பலுக்குள் கொட்ட வேண்டும், ஆனால் முனைக் கதவு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைத் தூரத்தில் நிற்கிற தொழிலாளி இருட்டிலும் மழையிலும் அறிய வேண்டும். கோடு எந்தப் பக்கம் மேலேறுகிறதோ அந்த முனையில் கதவு. அப்படியென்றால் வேகனின் ஒரு பக்கத்தில் கோடு வலப்புறம் ஏற வேண்டும், மறுபக்கத்தில் இடப்புறம் ஏற வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சைப் போட்டால் ஒரு பக்கம் பொய் சொல்லும். என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒரே முனையைத்தான் காட்டுகின்றன. செய்தவனுக்கு விசயம் தெரிந்திருக்கிறது.

நிறம் சாம்பல். அதுவும் சரி. பிரித்தானிய றெயில்வே காலத்தில் தொடர் பிரேக் (இஞ்சினில் இருந்தே எல்லா வேகனையும் பிடிக்கும் பிரேக்) இல்லாத வேகன்களுக்குச் சாம்பல், அந்த வகையான வெக்கூம் பிரேக் பூட்டியவற்றுக்குச் செங்கல் நிறத்தை ஒத்த ஒரு பழுப்பு. சாம்பல் வேகனுக்குக் கீழே வெக்கூம் சிலிண்டர் இருக்கக் கூடாது. திருப்பினேன், இல்லை. பக்கத்துக்கு ஒரு நீண்ட கைப்பிரேக் நெம்புகோல், பிரேக் கட்டைகள், அவ்வளவுதான். எண்ணுக்கு முன்னால் ‘பி’ எழுத்து, அது பிரித்தானிய றெயில்வே தனக்காகக் கட்டுவித்த வேகன்களுக்கு உரிய அடையாளம். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறது.

அதைவிட முக்கியம், பிரேக் கட்டைகள் சக்கரத்துக்கு நேரே இருக்கின்றன. இது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்களுக்கு ஓஓ அளவின் பழைய கோளாறைச் சொல்ல வேண்டும்.

பிரித்தானியத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்றால் மேசையில் அது 18.83 மில்லிமீற்றர் வர வேண்டும். ஆனால் ஓஓ பாதையின் அகலம் 16.5 தான். காரணம் பழையது. ஐரோப்பாவில் அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் அளவில் மொடல் செய்தபோது 16.5 சரியாகவே பொருந்தியது. பிரித்தானிய இஞ்சின்கள் நிஜத்திலேயே உடல் ஒடுங்கியவை. அந்தச் சின்ன அளவில் செய்தால் அன்றைய மோட்டாரை உள்ளே வைக்க இடம் போதாது. அதனால் உடலை மட்டும் 4 மில்லிமீற்றருக்குப் பெரிதாக்கி, பாதையை இருந்தபடியே விட்டார்கள். 1938இல் ஹோர்ன்பி டப்ளோ என்ற விளையாட்டுக் கோச்சி வரிசை அதே அளவில் வந்ததோடு வழக்கம் நிலைத்துவிட்டது. இன்றைய மோட்டாரை எங்கேயும் ஒளிக்கலாம், ஆனால் இத்தனை வருசமாக உலகம் முழுக்க விற்ற தண்டவாளத்தை யார் மாற்றுவது?

விளைவு, எல்லா ஓஓ வேகனும் முன்னால் நின்று பார்த்தால் பெரிய குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கால்களை ஒட்டி நிற்கிற ஆளைப்போல இருக்கும். பிரித்தானியர்களுக்குப் பழகிவிட்டது. எங்களுக்கு இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் இலங்கைப் பாதை 5 அடி 6 அங்குலம். அதே கணக்கில் எங்களுக்கு 22 மில்லிமீற்றர் வேண்டும். அகலப் பாதையில் கால் விரித்து நிற்கும் வேகனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஐந்தரை மில்லிமீற்றர் குறைந்த நிலையில் இது விழப்போவதுபோல் தோன்றும். முதல் நாளே கண்ணில் குத்தியது. ஓடத் தொடங்கினால் மறந்துவிடும், அதையும் சொல்கிறேன்.

பிரேக்குக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், சக்கரம் உள்ளே போய்விட்டது, ஆனால் வேகனின் சட்டம் தன் இடத்தில்தான் நிற்கிறது. பிரேக் கட்டையைச் சட்டத்தோடு ஒட்டி வார்த்தால் அது சக்கரத்துக்கு வெளியே, காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 16 தொன் வேகனைச் செய்தவர் இதை யோசித்து, கட்டைகளை உள்ளே தள்ளிச் சக்கரத்தின் நெற்றிக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறார். ஏழு பலகை வேகனைச் செய்தவர் யோசிக்கவில்லை.

16 தொன் வேகனில் குறையே இல்லையா? இருக்கிறது. பாரம் போதாது. சமையலறைத் தராசில் 30 கிராம் அளவில் காட்டியது. அச்சுக்கு 25 கிராம் என்பது ஓஓ ஓட்டுகிறவர்களின் பொதுக் கணக்கு, நாலு சக்கர வேகனுக்கு 50 வர வேண்டும். பாரம் குறைந்த வேகன் வளைவில் இழுபட்டுக் கவிழும், பின்னால் தள்ளினால் பாதை பிரியும் பொயின்ற்ஸில் ஏறிக் குதிக்கும். அதற்கு மருந்து எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வலைக்குக் கட்டும் ஈயம் வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, வேகனின் தரையில் ஒட்டினேன். மேலே நிலக்கரி போட்டு மறைத்துவிடலாம்.

நிலக்கரியும் ஒரு பிரச்சினை. கூடவே வந்த பிளாஸ்டிக் கரிச் சுமை மினுங்குகிறது, ஒரே அச்சில் வார்த்த மேடு பள்ளம். அதைக் கழற்றிவிட்டுச் சிரட்டைக் கரியை உடைத்துப் போட்டேன். முதலில் தூளை அரித்து எடுத்துவிட்டு, கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசையில் சரிபாதி தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, கரியைக் குவித்த பிறகு துளித்துளியாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை மேலேயே உருண்டு நிற்கும். காய ஒரு இரவு போதும், மாரியில் இரண்டு. சிரட்டைக் கரிக்கு நிலக்கரியின் பளபளப்பு இல்லைதான். ஆனால் மழையில் நனைந்து தூசி படிந்த கரிக் குவியலுக்கு அந்த மங்கல் நன்றாகவே பொருந்துகிறது.

பிரேக் வேனைப் பற்றிச் சொல்லும் முன், அந்த வேகன்கள் எப்படி ஓடின என்று விளங்க வேண்டும். சாம்பல் வேகன்களில் தொடர் பிரேக் கிடையாது என்றேனே. இஞ்சினில் ஒரு பிரேக், கடைசியில் காட் இருக்கும் வேனில் ஒரு பிரேக், நடுவில் இருக்கும் நாற்பது ஐம்பது வேகன்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வளையச் சங்கிலியால் தளர்வாகக் கொளுவிய வேகன்கள். இறக்கத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று முட்டும், ஏற்றத்தில் சங்கிலி இழுபடும், சில நேரம் அறும். காட் தன் வேனின் கைச்சக்கரத்தைத் திருகிப் பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் சங்கிலிகள் எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். பெரிய இறக்கம் என்றால் கோச்சியை நிறுத்தி, வேகன்களின் பக்க நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பூட்டிவிட்டு இறங்க வேண்டும். அடிவாரத்தில் மறுபடியும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

இதை அப்பாவுக்கு விளக்கியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “வெக்கூம் இல்லாமலா? அம்பது வேகனையா? அவனுக்கு என்ன சம்பளம் குடுத்தவங்கள்?” என்றார்.

அந்தக் காட் இருந்து போன 20 தொன் வேன்தான் அடுத்த மொடல். பிரித்தானிய றெயில்வேயின் நிலையான பிரேக் வேன், லண்டன் வடகிழக்கு றெயில்வேயின் பழைய வடிவத்தில் இருந்து வந்தது. அச்சுக்கு அச்சு 16 அடி. நாலு சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக அவ்வளவு தள்ளி வைத்தார்கள். நடுவில் அறை, இரு முனையிலும் திண்ணை, திண்ணைக்கு வெளியே மேடையில் கொங்கிறீற் கட்டிகள். வெறும் வேனுக்குப் பாரம் இல்லாவிட்டால் பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்கும், அதற்குத்தான் கொங்கிறீற். பக்கவாட்டில் வெளியே துருத்திய சின்ன யன்னல் கூடு, தலையை வெளியே நீட்டாமலே கோச்சி முழுவதையும் பார்க்க. கூரையில் அடுப்புப் புகைக்குழாய். எங்கள் வெயிலில் அடுப்பு மூட்டிய வேனில் இருந்தால் காட் வெந்து போவார்.

மொடலில் கொங்கிறீற் கட்டி தனி நிறத்தில் பூசியிருக்கிறது, அதன் மேல் மரப் பலகையின் அச்சு கூடத் தெரிகிறது. கைப்பிடிக் கம்பிகள் வார்த்தவை அல்ல, உண்மையான மெல்லிய கம்பி. ஒன்று வளைந்து வந்தது, பல்லுக்குத்தியால் நிமிர்த்தினேன். இரு பக்கமும் ஓடும் நீண்ட படிப்பலகைதான் இதன் பலவீனம். தலைமயிர் தடிப்பில் நாலு தூண்களில் தொங்குகிறது. என்னுடையது வழியிலேயே ஒரு முனையில் விட்டுப்போயிருந்தது. தூக்கும்போது கூரையின் இரு முனையையும் பிடியுங்கள், பக்கத்தைப் பிடிக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

ஓட்டம் அருமை. 64 மில்லிமீற்றர் அச்சிடை இருந்தும், ஹோர்ன்பியின் இரண்டாம் நிலை வளைவில், அதாவது 438 மில்லிமீற்றர் ஆரையில், முணுமுணுக்காமல் திரும்புகிறது. 371 மில்லிமீற்றர் ஆரையுள்ள முதலாம் நிலை வளைவில் சத்தம் போடுகிறது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேனை யன்னல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினார். எழுத்தைப் பார்க்கவில்லை, கொங்கிறீற்றையும் பார்க்கவில்லை. பின்முனையை என் பக்கம் நீட்டினார்.

“தம்பி, இதில லாம்பு எங்க?”

“தனியா விக்கிறாங்கள் அப்பா. கொழுவுற இடம் இருக்கு பாருங்கோ.”

“லாம்பு இல்லாட்டி கோச்சி முழுசா வந்ததெண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

‘அவன்’ என்றது வழியில் இருக்கும் சிக்னல்காரனை. கோச்சி தன் இடத்தைக் கடந்து போகும்போது அவன் கடைசிப் பெட்டியின் வால் லாம்பைப் பார்க்க வேண்டும். இருந்தால் கோச்சி முழுதாகப் போய்விட்டது, பின்னால் அடுத்ததை விடலாம். இல்லாவிட்டால் நடுவில் எங்கேயோ சங்கிலி அறுந்து, பாதி வேகன்கள் பாதையில் நிற்கின்றன. தளர்வாகக் கொளுவிய கோச்சிகளில் அது கற்பனையான ஆபத்து அல்ல. வால் லாம்போடு இரண்டு பக்க லாம்புகளும் உண்டு. அவை பின்பக்கம் சிவப்பும் முன்பக்கம் வெள்ளையும் காட்டும். இஞ்சின் டிறைவர் திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளில் கோச்சி இன்னும் தன்னோடு வருகிறது என்று தெரிந்துகொள்வார். கொங்கிறீற்றில் மர அச்சுவரை செய்தவர்கள், வேனின் வேலையே தங்கியிருக்கும் மூன்று லாம்புகளைத் தனியாக விற்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மருமகனுக்குச் செய்தி போட்டாயிற்று, அடுத்த தடவை கொண்டுவருவான்.

ஏழு பலகை வேகனை நியாயமாகப் பார்க்க முயன்றேன். நிஜத்தில் இவை சுவையான வேகன்கள். நிலக்கரிச் சுரங்கக்காரரும் கரி வியாபாரிகளும் தங்கள் சொந்தக் காசில் வாங்கி, தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் நிழலோடு எழுதி, றெயில்வேயின் பாதையில் ஓடவிட்டவை. ஒரு சாதாரண கூட்ஸ் கோச்சியில் சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று எத்தனையோ வியாபாரிகளின் விளம்பரம் ஓடும். வேகன் வெறுமையாகத் திரும்பும்போது தவறி வேறெங்கும் போகாமல் இருக்க, ‘வெறுமையாக இன்ன சுரங்கத்துக்கு’ என்று கீழே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். 1923இல் றெயில்வே கணக்குத் தீர்ப்பு நிலையம் இவற்றுக்கு ஒரு நிலையான அமைப்பை வெளியிட்டது, 12 தொன், அதே 16 அடி 6 அங்குல நீளம். 1939இல் போர் வந்ததும் அரசு எல்லாவற்றையும் பொதுவில் எடுத்துக்கொண்டது. 1948இல் றெயில்வேயை நாட்டுடைமையாக்கியபோது ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தனியார் வேகன்கள் அதோடு போயின. எண்ணுக்கு முன்னால் ஒரு ‘பீ’ எழுத்துச் சேர்த்தார்கள், முந்திச் சொன்ன ‘பி’ அல்ல, தனியாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வர்ணமெல்லாம் உரிந்து, வெறும் மரத்தோடு ஓடி, இரும்பு வேகன்கள் வர வர உடைத்து எரிக்கப்பட்டன.

மொடலின் எழுத்து வேலையைக் குறை சொல்ல முடியாது. பூதக்கண்ணாடி வைத்தாலும் ‘வெறுமையாக’ வரி வாசிக்க முடிகிறது. எழுத்தின் நிழல் பலகை இடுக்கில் உடையாமல் இறங்கிப் போகிறது. ஆனால் உட்பக்கம் வழவழ என்று இருக்கிறது, ஒரு பலகைக் கோடும் இல்லை. கரி ஏற்றாமல் வெறும் வேகனாக ஓட்டினால் பிளாஸ்டிக் டப்பா. கீழே பிரேக் கட்டைகள் சக்கரத்துக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கின்றன. சக்கரங்களின் உள் இடைவெளி 14.5 அளவில் இருக்க வேண்டியது, ஓர் அச்சில் குறைந்திருந்தது. பொயின்ற்ஸில் அது தட்டித் தட்டிப் போனதன் காரணம் அதுதான். சக்கரத்தை மெதுவாகத் திருகி இழுத்துச் சரிசெய்யலாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகன் பாதையின் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். இவ்வளவு வேலைக்குப் பிறகும் அது அலுமாரியில்தான் இருக்கிறது. கரி வேகன் ஒன்று இத்தனை துப்புரவாக எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. கறுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசித் துடைக்கலாம் என்றால், அந்த எழுத்தின் மேல் கை வைக்க மனம் வரவில்லை.

மூடு வேன் 12 தொன், பழுப்பு நிறம், வெக்கூம் பூட்டியது. அச்சிடை 10 அடி. நாலில் இதுதான் எங்கள் ஊர் மூடு வேகனுக்குக் கிட்டத்தில் வருவது, அதனால் எதிர்பார்ப்பும் கூடிவிட்டது. கூரை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, கதவுத் தாழ்ப்பாள் வெறும் மேடு, வெக்கூம் வேன் என்று சொல்லிவிட்டு முனையில் வெக்கூம் குழாயைக் காணவில்லை. விடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேகன்களுக்குள் பாரத்துக்காக ஒரு இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்து ஊதினால் தரை வளையும். திறக்க முடிந்தால் திறந்து தகட்டுக்கு மெல்லிய வார்னிஷ் பூசுங்கள். திறக்க முடியாவிட்டால், மருந்துப் போத்தல்களுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்து வைத்து, வேகன்களை அவற்றோடு மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அச்சு முனைகளுக்கு எண்ணெய் விட வேண்டாம். எங்கள் காற்றில் மணலும் இருக்கிறது, எண்ணெயோடு சேர்ந்தால் அரம்தான்.

விலை. புதிதாக வாங்கினால் இன்று 16 தொன் வேகனே 20 பவுணுக்கு மேல், பிரேக் வேன் 30ஐத் தாண்டும். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் வீட்டில் சண்டை வரும். பாவித்ததை ஆளிடம் கொடுத்து அனுப்புவதுதான் எங்களுக்குக் கட்டும். உறவுக்காரர் கடையில் நின்று வீடியோ கோல் எடுத்தால் பெட்டியையும் எழுத்தையும் காட்ட விடாதீர்கள். வேகனைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை சக்கரத்துக்கு நேரே நிற்கிறதா, கொக்கி செருகும் பை உடையாமல் இருக்கிறதா, சக்கரம் ஒரு சுண்டுக்கு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிரேக் வேன் என்றால், லாம்பு இருக்கா என்று கேட்டுவிட்டு விலை பேசச் சொல்லுங்கள்.